ஒரே பெயரில் இரண்டு ஆய்வாளர்கள்: என் கட்டுரைகளைப் பிரித்தெடுத்த அனுபவம்

ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் பெரிய தரவுத்தளம் ஒன்றில் என் பக்கத்தைத் திறந்தால், பாதிக் கட்டுரைகள் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றியவை. நான் மண்ணியல் படித்தவன். அந்த மருத்துவருக்கும் எனக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. பல இதழ்கள் முதற்பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி அச்சிடுவதால், எங்கள் இருவரையும் மென்பொருள் ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது. ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்த இடத்தில் விளக்கம் கேட்டபோதுதான் விஷயமே தெரிய வந்தது.

திருத்தக் கோரிக்கை அனுப்பினேன். "பெயர் சரியாகவே உள்ளது, திருத்தம் தேவையில்லை" என்று பதில் வந்து கோரிக்கை மூடப்பட்டது. பெயர் தவறு என்று நான் எங்கே சொன்னேன்? மறுபடி எழுதினால் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டார்கள். அதிலும் அதே பெயர்தானே இருக்கும்! நான் அந்த மருத்துவர் இல்லை என்பதை அது எப்படி நிரூபிக்கும்? இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

ஒரே பெயருள்ள ஆய்வாளர்களைப் பிரித்துக் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் என்னிடம் இருந்தது. 2012இல் தொடங்கிய இந்த அடையாள எண் ஆய்வாளர்களுக்கு இலவசம். பதிவு செய்வது சில நிமிட வேலை. எண்ணில் மொத்தம் 16 இடங்கள். கடைசி இடம் சரிபார்ப்புக்கானது. முன்னுள்ள இலக்கங்களை வைத்துப் போடும் கணக்கில் அது 10 என்று வந்தால் 'எக்ஸ்' எழுத்தைப் போடுவார்கள். என் எண் எக்ஸில் முடிகிறது. திருத்தப் படிவமோ இலக்கங்களை மட்டும்தான் ஏற்றது. கடைசியில் குறிப்புப் பெட்டியில் எண்ணை முழு இணைய முகவரியாக ஒட்டினேன்.

காரியம் நடந்தது ஓர் அட்டவணையால். என் ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ (DOI) என்ற தனி அடையாள எண், அப்போது நான் இருந்த நிறுவனம், இணையாசிரியர்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். "நீக்குங்கள்" என்று கேட்காமல் "இரண்டு பக்கங்களாகப் பிரியுங்கள்" என்று கேட்டேன். நீக்கச் சொன்னால் அந்த மருத்துவரின் உழைப்பு அந்தரத்தில் நின்றுவிடும். அப்புறம் அவருக்கே மின்னஞ்சல் எழுதினேன். பாவம், தன் கட்டுரைகள் என் பக்கத்தில் சேர்ந்துவிட்டது தெரியாமல், தன் மேற்கோள் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று அவரும் குழம்பிப்போயிருந்தார். இருவரும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பியதும் பக்கம் பிரிந்தது. அன்று அவர் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினார், மனம் நிறைந்துவிட்டது.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆர்க்கிட்டில் கட்டுரைகளைச் சேர்க்கும்போது பெயரை வைத்துத் தேடினால் அதே பெயருள்ள மற்றவரின் கட்டுரைகளும் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேருங்கள். புதிய கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே எண்ணை இணைத்துவிடுங்கள். அச்சான பிறகு அந்தத் தகவலைப் பதிப்பகம்தான் மாற்ற முடியும். இப்போதுதான் எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால், பெயரின் ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். இயந்திரக் கற்றல் அறிஞர் மைக்கேல் ஐ. ஜோர்டான் தன் கட்டுரைகளில் அந்த நடு எழுத்தோடுதான் பெயர் போடுகிறார். அதே பெயருள்ள கூடைப்பந்து வீரரோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

ஓரிடத்தில் திருத்தினால் மற்ற தளங்கள் தாமாக மாறிவிடும் என்று நம்பாதீர்கள். இன்னொரு தளத்தில் என் மாநாட்டுக் கட்டுரை ஒன்று இன்னமும் அந்த மருத்துவரின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதே அட்டவணையை அங்கேயும் அனுப்பியிருக்கிறேன்.