பத்தரை மணிப் பசி

எங்கள் வீட்டு முறுக்கு டப்பா எவர்சில்வர். மூடியை இழுத்தால் 'டப்'பென்று சத்தம் வரும். துப்பட்டாவை மேலே போட்டு, கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றிலும் மெதுவாக நெம்பினால் வராது. இரண்டு வருஷம் ராத்திரிகளில் அப்படித்தான் திறந்தேன். முறுக்கு தீர்ந்தால் மிக்சர், பிறகு ஃபிரிட்ஜில் இருக்கும் சில்லிட்ட சோறு, நின்றபடியே. பசி கிடையாது, ருசியும் தெரியாது. வயிறு வலித்தால்தான் கை நிற்கும். அப்புறம் அழுகை. நாளைக்குக் காலை டிபன் கிடையாது என்று சபதம்.

முதலில் பார்த்த டாக்டர் எடை மெஷினில் ஏற்றிவிட்டு, "வாயைக் கட்டுங்க" என்றார். அதோடு ஆறு மாசம் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

பிறகு போன மனநல மருத்துவர் எடையே பார்க்கவில்லை. ஒளிஞ்சு சாப்பிடறீங்களா, நிறுத்த நினைச்சும் முடியலையா, வாரத்துக்கு எத்தனை தடவை என்றுதான் கேட்டார். வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் அது 'பிஞ்ச் ஈட்டிங்' என்ற நோயாக இருக்கலாம், 2013இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்துவிட்டது என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

என் சபதம்தான் என்னை மாட்டிவைக்கிறது என்றும் சொன்னார். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஆய்வுக்காக 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைவயிறாக இருந்தார்களாம். சாப்பாடு திரும்பக் கிடைத்ததும் அவர்களில் சிலருக்கு, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியவில்லை. பகலெல்லாம் காபியில் ஓட்டிய எனக்கு ராத்திரி என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை ஏதாவது. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. என்ன, எப்போது, அந்த நேரம் மனசில் என்ன என்று நோட்டில் எழுத வேண்டும். கலோரி எழுதக் கூடாது. காலையில் மூன்று இட்லி சாப்பிடவே முதல் வாரம் பயமாக இருந்தது.

மூன்றாவது வாரம் நோட்டைப் புரட்டினால், எல்லாமே ராத்திரி பத்தரையை ஒட்டி. அப்பா இருந்தவரை தினமும் அந்நேரம் போன் வரும். "சாப்ட்டியா கண்ணு?" பல நாள் வேறு பேச்சே இருக்காது. அவர் போன பிறகு அந்த நேரத்தைத்தான் நான் முறுக்கால் அடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பத்தரைக்கு ஈரோட்டு அத்தைக்குப் போன் செய்கிறேன். அவரும் தனியாகத்தான் இருக்கிறார். டாக்டரிடம் போகத் தயக்கமோ, பணமில்லையோ, 14416க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

போன மாசம் அப்பா திதியன்று ராத்திரி மறுபடி டப்பாவைக் காலி செய்தேன். நோட்டில் எழுதினேன். மறுநாள் எட்டு மணிக்கு, வயிறு மந்தமாக இருந்தும், இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.