விழப் பழகுகிறேன்

42 வயதில் ஜூடோ கிளப்பில் சேர்ந்தபோது வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதல் மாதம் முழுக்க விழ மட்டுமே சொல்லிக்கொடுத்தார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். உகேமி என்று பெயர். போன வாரம் குளியலறையில் வழுக்கினேன். தலை தரையில் படவே இல்லை. உள்ளங்கை மட்டும் இரண்டு நாள் எரிந்தது. கட்டிய ஃபீஸ் அன்றே வசூல்!

1882இல் ஜிகோரோ கானோ ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையிலிருந்து ஜூடோவை உருவாக்கியபோது, டோக்கியோவில் ஒரு கோயிலில் வெறும் 12 பாய்கள்தான் இருந்ததாம். எங்கள் கிளப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்புறம் ஜுஜுட்சு வகுப்பு. பிடியில் மாட்டினால் எதிராளியை இரண்டு தட்டு தட்டினால் போதும், அவர் உடனே பிடியை விட்டுவிட வேண்டும். நேற்று பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னை மூன்று முறை தட்ட வைத்தாள். எழுந்ததும், "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள்.

வலி கூடப் பரவாயில்லை, அந்த ஆன்ட்டிதான்...