பதினான்காம் பத்தியில் இருந்த பதில்

பழைய குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பது எப்படி என்பதை விளக்கும் சிறிய இணையதளம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தொடங்கிய காலத்தில், நிறைய எழுதுவதே வாசகருக்குச் செய்யும் நன்மை என்று நம்பியிருந்தேன். தளத்தின் தேடல் பெட்டியில் வருகிறவர்கள் என்ன தட்டச்சு செய்கிறார்கள் என்ற பதிவை ஒருநாள் திறந்து பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. திரும்பத் திரும்ப வந்திருந்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் பதிவு செய்யும் புள்ளிகளின் எண்ணிக்கை) வைத்து ஸ்கேன் செய்வது? அதற்கான பதில் என் கட்டுரையில் இல்லாமல் இல்லை. ஒளிப்படக் கலையின் வரலாறு, ஸ்கேனர் வகைகள், அவற்றைப் பற்றிய என் அபிப்பிராயங்கள் எல்லாவற்றையும் கடந்து, பதினான்காம் பத்தியில் அது பத்திரமாக இருந்தது.

இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவரான ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் பங்கேற்றவர்களில் 79 சதவீதத்தினர் இணையப் பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தனர் என்றும் 16 சதவீதத்தினர் மட்டுமே சொல்லுக்குச் சொல் படித்தனர் என்றும் கண்டறிந்தார். இதை நான் முன்பே படித்திருந்தேன். என் வாசகர்கள் அந்த 16 சதவீதத்தைச் சேர்ந்தவர்கள் என்று எதனாலோ முடிவுகட்டியிருந்தேன்.

கட்டுரையைத் திருப்பி எழுதினேன். அச்சிட்ட படங்களுக்கு 300 முதல் 600 டிபிஐ போதும், 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு, அதன் படப்பரப்பு மிகச் சிறியது என்பதால், 2400 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது முதல் இரண்டு வரிகளுக்கு வந்தது. ஆனால் எண்ணைச் சொல்வதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது பிறகு புரிந்தது. பெட்டி நிறையப் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த கணமே எழும் கவலை, இவ்வளவையும் எங்கே சேமிப்பது என்பதுதான். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600, அதாவது ஏறத்தாழ 86 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். சுருக்காமல் வண்ணத்தில் சேமித்தால் ஒரு படம் சுமார் 26 எம்பி. 500 படங்களுக்குச் சுமார் 13 ஜிபி. இது பள்ளிக்கூடப் பெருக்கல்தான். ஆயினும் வாசகர் தாமே உட்கார்ந்து போட வேண்டிய கணக்கை அவருக்காகப் போட்டு வைத்திருப்பதையே ஒரு தளத்தின் பயன் என்று நான் இப்போது கருதுகிறேன்.

இதைவிடவும் அதிகமாக உதவியது, நான் கெடுத்துக்கொண்ட வேலையைப் பற்றி எழுதியது. முதல் தொகுப்பு முழுவதையும் ஜேபெக் கோப்புகளாகச் சேமித்து, கீறலைத் திருத்தியபோது ஒருமுறை, நிறத்தைச் சரிசெய்தபோது மறுமுறை என்று அவற்றின் மேலேயே திரும்பத் திரும்பச் சேமித்தேன். அந்த வடிவம் ஒவ்வொரு சேமிப்பிலும் சிறிது தகவலை இழக்கக்கூடியது என்பது, முகங்களின் ஓரங்களில் திட்டுத்திட்டாகக் கறை தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூலத்தைத் தகவல் இழப்பில்லாமல் சேமிக்கக்கூடிய டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் கைவைக்க வேண்டும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். கெட்டுப்போன படத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்துக் காட்டுவது, கெடுத்தவரால் மட்டுமே முடியும்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய பிழை முகவரிகளை மாற்றியது. பகுப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லாப் பக்கங்களின் முகவரிகளையும் ஒரே இரவில் மாற்றினேன். சேமித்து வைத்திருந்த இணைப்பைச் சொடுக்கியவர்கள் பிழைச் செய்தியைத்தான் கண்டார்கள். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதிவிட்டார். மாற்றித்தான் தீர வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திருப்பம் வைத்திருக்க வேண்டும். நான் அதை வைத்தபோது மூன்று வாரங்கள் கடந்திருந்தன.

அழகுக்காகப் படவிளக்கங்களை வெளிர்சாம்பல் எழுத்தில் இட்டிருந்ததும் அப்படியொரு பிழையே. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. என்னுடையது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பழைய படங்களைத் தேடி வருகிறவர்களில் வயதானவர்கள் இருப்பார்கள் என்பதை வேறு எவரையும்விட நான்தான் முதலில் எண்ணியிருக்க வேண்டும். வாசகர் சொடுக்கிப் பொருள் வாங்கினால் விற்பனையில் எனக்குப் பங்கு தரும் இணைப்புகளைப் பொறுத்தவரை, பங்கு வருகிறது என்பதை இணைப்பின் அருகிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

தேடல் பதிவில் அண்மையில் புதிய கேள்வி ஒன்று அடிக்கடி தென்படுகிறது: ஒட்டும் தாள் கொண்ட ஆல்பத்தில் பற்றிக்கொண்ட படங்களைக் கிழியாமல் எடுப்பது எப்படி? பல்லிடுக்கு நூலைப் படத்தின் அடியில் செலுத்தி மெல்ல அறுத்தெடுக்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் முக்கியமில்லாத நான்கு படங்களைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் செய்து பார்த்த பிறகு அந்தப் பக்கத்தை எழுதுவேன்.