பின்னேரத்தில் திரும்பும் கால்

யாழ்ப்பாணத்தில் சிறுவர் இயன்மருத்துவராக வேலை தொடங்கிய நாட்களில் ஒரு வட்ஸ்அப் வீடியோ என்னைத் தேடி வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் யாரோ ஒரு சித்தி அனுப்பியது. உடம்பு முறுகித் தரையில் கிடக்கும் ஒரு வெள்ளைக்காரப் பையன் அடுத்த காட்சியில் நடந்து போகிறான். இடையில் அவனுடைய மூளைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அதை முதலில் காட்டியவர் வேலணைத் தாய் ஒருவர். "மிஸ், இதை எங்கட பிள்ளைக்கும் செய்யேலுமோ?"

மகளுக்கு 9 வயது. காலையில் நன்றாகவே நடப்பாள். மத்தியானம் திரும்பினால் வலது கால் உள்ளே வளையும். பின்னேரம் நுனிக்காலில் இழுத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நித்திரை கொண்டு எழும்பினால் சரி. படிப்புக்குக் கள்ளம் அடிக்கிறாள் என்று டியூஷன் ஆசிரியர் சொல்லிவிட்டார். நான் மட்டும் என்ன திறம்? மூன்று மாதமாக அந்தக் கணுக்காலை நீட்டி நீட்டிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளினிக் காலையில் நடக்கும். அவளுடைய பின்னேரக் காலை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"உங்கட பிள்ளையையும் வீடியோ எடுங்கோ. காலமை ஒண்டு, விளக்கு வைக்கிற நேரம் ஒண்டு" என்றேன். இரண்டையும் பார்த்த நரம்பியல் வைத்தியர் கம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. லெவோடோபா எழுதினார். பார்க்கின்சன் நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுக்கும் அதே குளிசை, மிகச் சிறிய அளவில். சில பிள்ளைகளின் மூளையில், அசைவுகளைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற இரசாயனம் போதுமான அளவு உண்டாவதில்லை. நித்திரையில் சேர்ந்தது பகல் ஏற ஏறக் கரைந்துபோகும். ஜப்பானிய வைத்தியர் செகாவா 1970களில் விவரித்த நோய் இது. தசைகள் தாமாக முறுகும் டிஸ்டோனியா ஒரு பிள்ளைக்கு இருந்தால், ஒப்பரேஷனை யோசிக்கும் முன் இந்தக் குளிசையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அடுத்த கிழமையே பிள்ளை கிளித்தட்டு விளையாடுகிறாள் என்று தாய் போனில் அழுதார்.

கிளினிக் வாங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை எட்டாமல் இருக்குமா? குருநகரிலிருந்து ஒரு குடும்பம் வரும். பையனுக்கு 8 வயது. பிறந்த கிழமையில் கடும் காமாலை. கை, கால், வாய் எதுவும் அவன் சொல் கேட்காது, சோறு தீத்த இரண்டு பேர் வேண்டும். விளக்கத்துக்குக் குறைவில்லை, பகிடி சொன்னால் முதலில் சிரிப்பவன் அவன்தான். அவனுக்கும் அந்தக் குளிசையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அதே வீடியோ திரும்பவும் என் முன்னால் வந்தது.

மூளைக்குள் வைத்த கம்பியால் மெல்லிய மின்சாரம் செலுத்தித் தூண்டும் இந்த முறை, பிரான்சின் கிரனோபிள் நகரில் 1987இல் பெனாபிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நடுக்கத்துக்காகத் தொடங்கிவைத்தது. டிஸ்டோனியாவுக்குக் கம்பியின் நுனி பெரும்பாலும் குளோபஸ் பலிடஸ் என்ற சிறு பகுதியில் நிற்கும். நெஞ்சுத் தோலுக்கடியில் பற்றரி. நடுக்கம் உடனே அடங்கும், டிஸ்டோனியா தளரக் கிழமைகள், மாதங்கள்கூட ஆகும். டிவைடீ1 என்ற மரபணுக் குறையோடு பிறந்த பிள்ளைகள் பலர் எழுந்து நடந்திருக்கிறார்கள். வீடியோப் பையனும் அப்படி ஒருவனாகத்தான் இருப்பான். காமாலைப் பிள்ளையின் கதை வேறு. காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் போய்த் தாக்கும் முக்கியமான இடமும் இதே குளோபஸ் பலிடஸ்தான். கம்பி போய்ப் பேச வேண்டிய இடமே காயப்பட்டுக் கிடக்கிறது. பலன் வந்தாலும் பெரும்பாலும் கொஞ்சம்தான் வரும், சிலருக்கு அதுவும் இல்லை. பிறந்த கிழமையில் காமாலைக்குக் கொடுக்கும் நீல வெளிச்சத்தின் கீழ் நேரத்தோடு வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திராது என்பது என் மனதில் ஓடியது. தாயிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

தகப்பன் கடற்தொழிலாளி. அதுவரை பேசாமல் இருந்தவர் கேட்டார், "மிஸ், கரண்ட் போனால்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2022இல் மணிக்கணக்காக இருட்டில் இருந்த ஊர் என்று நினைவு வந்ததும் அடங்கியது. ஒருவகைப் பற்றரியை வீட்டிலேயே அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். மற்ற வகையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒப்பரேஷன் செய்து மாற்ற வேண்டும். தூண்டல் திடீரென நின்றால் முறுக்கு பழையதைவிட மோசமாகத் திரும்பலாம். அந்த மனிதர் கேட்டதுதான் சரியான கேள்வி.

தாயிடம் கேட்டேன், "எது மாறினால் உங்களுக்குக் காணும்?" நடப்பதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இரவில நாலு மணித்தியாலம் முறுகாமல் நித்திரை கொண்டால் காணும் மிஸ். அவனும் நாங்களும்."

நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எதிர்பார்க்கும் பலன் என்ற இடத்தில் நான்கு மணி நேர நித்திரை என்று எழுதிவிட்டு, இதற்காகவா மூளையில் கம்பி என்று யாரும் கேட்பார்களோ என யோசித்தேன். அழிக்கவில்லை.