ஊசியின் சத்தம் கேட்டுத் தைத்த போர்வை

பீரோவின் மேல்தட்டில் பாதியில் நின்றுபோன க்வில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை, ஒன்று இருக்கிறது. ஒன்பது சிறு சதுரங்கள் சேர்ந்தால் ஒரு கட்டம். அப்படி 63 கட்டங்கள் வேண்டும், 41 முடித்திருந்தேன். மதுரைப் புது மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிவந்த வெட்டுத்துணிகள் அவை. அடுத்த கட்டத்துக்குத் துணியை இஸ்திரி போட்டு வைத்த வாரத்தில்தான் மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று தெரிந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. அதன்பின் வாரம் ஒன்றாக 12 வாரம் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டது. விரல் நுனிகளிலும் பாதங்களிலும் வந்த மரமரப்பு மட்டும் போகவில்லை. அந்த மருந்து நரம்பு நுனிகளைப் பாதிக்கும், மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறையும் என்றார் மருத்துவர்.

பொங்கல் கழிந்த மறுநாள் மெஷின் உறையை எடுத்தேன். கால்மிதி மெஷின்தான், இருபது வருடப் பழக்கம். மிதியில் வைத்த பாதம் எங்கே அழுத்துகிறது என்று எனக்கே தெரியவில்லை. சக்கரம் பின்னால் சுழன்று நூல் அறுந்தது. கோத்து மறுபடி மிதித்தேன், மறுபடி அறுந்தது. நான்காவது முறையோடு உறையைப் போட்டு மூடிவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன்.

கையால் தைக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். க்வில்டில் மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது வலக்கை மேலே ஊசியைப் பிடித்திருக்கும். இடக்கை துணிக்கு அடியில் இருக்கும். ஊசி முனை அடிவிரலை லேசாகத் தொட்டதும் அதை மேலே திருப்ப வேண்டும். ஒவ்வொரு தையலும் அந்தத் தொடுகையால்தான் அளவாக விழும். அங்குலத்துக்கு ஒன்பது தையல் எண்ணிப் போட்டவள் நான். இப்போது அந்த விரலுக்கு ஊசி தெரிவதில்லை. துணியில் ரத்தப்பொட்டைப் பார்த்த பிறகுதான் குத்தியதே தெரிகிறது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்ததும் இடப்பக்கத்தில்தான். அந்தக் கையில் கீறலோ குத்தோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீக்கமும் கிருமித்தொற்றும் வரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே இடக்கையை அடியில் வைக்கும் வழியே அடைபட்டுவிட்டது.

அப்போதுதான் கவந்தி நினைவுக்கு வந்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வை அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுத்துணிகளின் விளிம்பை மடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஓட்டுத்தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். கட்டங்களைத் தனியாகத் தைத்து இணைக்கும் வேலை கிடையாது. மெஷினும் வேண்டாம். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துச் செருகுவார்கள். அதன் பெயர் பூலா, அதாவது பூ. பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையான போர்வை ஆகாது.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை அடித்துணிக்கு எடுத்துக்கொண்டேன். நடுவில் துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன வேட்டி. அளவு 30க்கு 36 அங்குலம், முழங்காலை மூடும் அளவு. மருந்து ஏற்றும் அறையின் குளிரில் அப்படி ஒன்று இல்லாமல் தவித்திருக்கிறேன்.

இடக்கைக்குப் பதிலாக மணைப்பலகையைத் துணிக்கு அடியில் வைத்தேன். முதல் வரிசை கோணல்மாணலாகப் போயிற்று. இரண்டாம் நாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்தான் அதைக் கவனித்தேன். ஊசி மூன்று துணிகளையும் தாண்டிப் பலகையைத் தொடும்போது ‘டிக்’ என்று ஒரு சிறிய சத்தம் வருகிறது. முனை நடுத்துணியோடு நின்றுவிட்டால் சத்தம் இல்லை. டிக் கேட்டதும் ஊசியைச் சாய்த்துத் தள்ளினால் அது பலகைமேல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. அடிவிரல் சொல்லிவந்ததைக் காது சொல்லத் தொடங்கியது. அன்றிலிருந்து மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நூலையும் மாற்றினேன். ஆறு இழை எம்பிராய்டரி நூலை மூன்று மூன்றாகப் பிரித்து, கண் நீளமான ஊசியில் கோத்தேன். தையல் பெரிதாக விழுகிறது, அங்குலத்துக்கு நான்கு. முதல் வாரம் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கட்டங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் அவற்றைப் பீரோவில் திரும்ப வைத்துவிட்டேன். மாலை வெயில் சாய்வாக விழும்போது இந்தப் பெரிய தையல்களுக்கு நடுவே துணி அரிசி அரிசியாக எழுந்து நிற்கிறது. நுணுக்கமாகத் தைத்த காலத்தில் எனக்கு அது கிடைத்ததில்லை.

கால் அங்குல மடிப்பை விரலால் நீவ முடியவில்லை. ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தினால் நன்றாகப் படிகிறது. குண்டூசிகளை இருபது என்று எண்ணி எடுத்து, எழும்போது மறுபடி எண்ணி வைக்கிறேன். தரையில் ஒன்று விழுந்து பாதத்தில் ஏறினாலும் எனக்குத் தெரியாது. இதே நிலையில் இருப்பவர்கள் இதை மட்டும் தவறவிட வேண்டாம். ரத்தப்பொட்டு பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும்.

ஊசி கோப்பதுதான் கடைசிவரை கைவரவில்லை. “பத்து ஊசி கோத்து வைத்திருக்கிறேன் அம்மா, அதற்குமேல் இன்றைக்குத் தைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் மகள் காலையில் கல்லூரிக்குக் கிளம்புவாள். சில நாள் பத்தும் தீரும். சில நாள் மூன்றோடு கை ஓய்ந்துவிடும். அரை அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாக, கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 55 மீட்டர் தையல். தையில் தொடங்கியது மாசிக் கடைசியில் நடுவை எட்டியது.

பூலாக்களை ஓரம் தைக்கும்போதே செருகியிருக்க வேண்டும். எனக்கு அப்போது மடிப்பு பிடிபடாததால் நான்கு மூலைகளையும் விட்டுவைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஓரத்தையலைக் கொஞ்சம் பிரித்து, புது மண்டபத்து மூட்டையிலிருந்து எடுத்த சிவப்புத் துணியில் மடித்து நான்கையும் வைத்துத் தைத்தேன். மூன்றாவது மட்டும் சற்றே சாய்ந்து நிற்கிறது. அதைப் பிரிக்கப்போவதில்லை.

போர்வை இப்போது மாடிக்கொடியில் காய்கிறது. அடுத்த பரிசோதனை நாளன்று எடுத்துப்போய், மருந்து ஏற்றும் அறையில் செவிலியரிடம் கொடுக்கப்போகிறேன். இரண்டாவதற்கு மகளின் பழைய பள்ளிச் சீருடைகளை வெட்டத் தொடங்கியிருக்கிறேன். அந்தத் துணி கனமானது, ஊசி தடுமாறுகிறது. டிக் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.