காட்டின் உறுதி யார் பெயரில்?

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி விலைக்கு வந்தாலும், உறுதியைப் பார்த்து, எல்லைகளை நடந்து பார்த்த பிறகுதான் முற்பணம் கொடுப்பார்கள். ஆனால் பல இலட்சம் ஹெக்டேர் வெப்பமண்டலக் காடுகளின் காபன் வரவுகள், அதாவது காட்டை அழியாமல் காத்து வளியில் சேராமல் தடுத்த காபனீரொட்சைட்டுக்காக விற்கப்படும் சான்றுகள், உலகச் சந்தையில் கைமாறும்போது, அந்தக் காடு யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியாகவே எழுகிறது. இந்தத் திட்டங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்.

கணக்கிடும் முறையில் பெரிய மர்மம் இல்லை. காட்டில் மாதிரித் துண்டுகளைத் தெரிவுசெய்து, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் மரங்களின் சுற்றளவை நாடாவால் அளந்து, அதைக் கொண்டு மரத்தின் உலர்நிறையைக் கணித்து, அதில் ஏறத்தாழப் பாதியைக் காபன் என எடுத்து, 3.67 ஆல் பெருக்கிக் காபனீரொட்சைட்டாக மாற்றுவார்கள். அதன் பிறகுதான் ஊகம் தொடங்குகிறது. திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என மதிப்பிட்டு, அதற்கும் உண்மையில் அழிந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தையே விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டைப் பழுதின்றிக் காத்த குடிகளிடம், அங்கே ஆபத்து இல்லை என்ற காரணத்தாலேயே, விற்பதற்கு அதிகம் இருப்பதில்லை. விசித்திரமான நியாயம்தான்.

பிரேசிலின் பைத்தர் சுருயி மக்களின் அனுபவத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1969இல் வெளியுலகத் தொடர்பு ஏற்பட்டதும் நோய்களால் தம்மவரில் பெரும்பாலோரை இழந்த இச்சமூகம், அல்மீர் சுருயியின் தலைமையில், சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம் ஹெக்டேர் பரப்புள்ள தமது நிலத்தில் தாமே ஒரு காபன் திட்டத்தைத் தொடங்கியது. 2013இல் நத்துரா என்ற அழகுசாதன நிறுவனம் அவர்களிடம் 120,000 தொன் வரவுகளை வாங்கியது. அரசு எல்லை வகுத்துக் கொடுத்த நிலம். முன்னின்று நடத்தியவர்களும் அந்நிலத்தின் மக்களே. ஆனாலும் சட்டவிரோத மரம் வெட்டுதலும் பொன், வைரச் சுரங்கங்களும் உள்ளே புகுந்ததால் 2018இல் திட்டம் நிறுத்தப்பட்டது. நில உரிமையை அரசு ஏற்றிருந்தும், அத்துமீறுபவரைத் தடுக்க அரசு வராவிட்டால் காட்டைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கம்போடியாவின் தெற்குக் கார்டமம் திட்டத்திலோ தொடக்கமே பிழைத்தது. அங்கு வாழும் சோங் பழங்குடியினரைக் கலந்தாலோசிப்பதற்கு முன்பே திட்டம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்ததாகவும், தமது வழமையான நிலத்தில் பயிரிட்டவர்கள் கைது செய்யப்பட்டதாகவும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2024இல் அறிக்கையிட்டது. முன்கூட்டியே விளக்கம் கொடுத்து, வற்புறுத்தலின்றிச் சம்மதம் பெற வேண்டும் என்று பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2007இல் ஏற்ற பிரகடனம் கூறுகிறது. திட்டம் தொடங்கிய பிறகு கூட்டம் கூட்டிக் கையொப்பம் வாங்குவதைச் சம்மதம் என்று எப்படி அழைப்பது?

நமக்கும் இது தொலைதூரச் சங்கதி அன்று. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது வேடர்கள் தமது வேட்டைக் காட்டை இழந்தார்கள். வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழ்கிறார்கள். வன்னியிலோ, இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் வயற்காணிகளிற்கூட வன எல்லைக் கற்கள் நடப்பட்டதாக முறைப்பாடுகள் உள்ளன. இந்நிலையில் காபன் பணம் வந்தால், அது கல்லை நட்டவருக்கே போய்ச் சேரும் என்று நான் அஞ்சுகிறேன்.

யாழ் கடனீரேரிக் கண்டற்காடுகளை நாடி நாளை ஒரு நிறுவனம் வருமானால், கடற்றொழிலாளர் சங்கங்கள் முதலில் ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்க வேண்டும். அது எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும், ஒரு தொன் விற்றால் சங்கத்துக்கு வருவது எவ்வளவு, வள்ளம் கட்டும் இடமும் இறால் பிடிக்கும் துறையும் அந்த எல்லைக்குள் அகப்படுகின்றனவா என்பவற்றை வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்த பின்னரே கையொப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும்.