சேபர் வாள்வீச்சு: உரிமத்தில் உங்கள் பெயரை முதலில் பாருங்கள்

பல்கலைக்கழக அணியில் சேபர் ஆடுகிறேன். ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். முதல் அனைத்துலகப் போட்டிக்குத் தேர்வு, பயிற்சி, கடப்பிதழ் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. மாட்டிக்கொண்டது என் பெயர். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அனைத்துலக வாள்வீச்சுச் சம்மேளனத்தின் போட்டி உரிமத்தை நாமே நேரடியாக வாங்க முடியாது. தேசியச் சங்கம் வழியாகத்தான் வரும், சீசனுக்குச் சீசன் புதுப்பிக்க வேண்டும். பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஐசியில் (அடையாள அட்டையில்) என் பெயர், ஏ/பி (மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம்), அப்பா பெயர், அவ்வளவுதான். பாரங்களைத் திரட்டி அனுப்பிய அலுவலகத்தில் ஒருவர் 'ஏபி'யையே குடும்பப் பெயராக ஏற்றிவிட்டார். கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் எடுக்கிறது, ஒன்றும் ஆகாது" என்றார்.

எப்படி ஆகாமல் போகும்? சேபரில் இடுப்புக்கு மேலே தலையும் கையும் சேர்த்துத் தொடுதல் கணக்கு. அதைப் பதிவுசெய்யத்தான் மின்சாரம் ஓடும் லாமே சட்டை. அதன் முதுகில் பெயரும் நாட்டுக் குறியீடும் கருநீலத்தில், 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நான் ஏற்கெனவே அப்பா பெயரை எழுதி வாங்கியிருந்தேன்; உரிமத்தில் ஏபி என்றால் இரண்டும் பொருந்தாது. "சட்டையிலும் ஏபி என்று மாற்றிக்கொள்ளேன்" என்று அங்கேயே ஒரு யோசனை சொன்னார்கள். செம்பனைக் குலை வெட்டி என்னைப் படிக்க வைத்தவர் அப்பா. டோக்கியோ ஒலிம்பிக் சேபரில் சென்னைப் பெண் பவானி தேவி முதல் சுற்றை 15-3 என்று வென்றதை லயத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியவர். அவர் பெயரை அழித்துவிட்டு ஏபியா? முடியவே முடியாது என்றேன்.

பெயரைத் திருத்தப் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போனேன். வெள்ளிக்கிழமை மதியம், கவுண்டர் சாத்தியிருந்தது. திறக்கும்வரை காத்திருந்தால், பாஸ்வேர்ட் வைத்திருப்பவர் லீவாம். ஆகவே ஃபோனில் உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். ஐசி நகல், கடப்பிதழின் முதல் பக்கம், எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் வர வேண்டும் என்ற கடிதம், மூன்றையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து கேட்ட பிறகுதான் என் காகிதம் நகர்ந்தது.

லாமே விஷயத்தில் இன்னொன்று. டீசட்டை அச்சடிக்கும் கடையில் கொடுத்துத் தடித்த பிளாஸ்டிக் எழுத்தை ஒட்டிவிடாதீர்கள். அந்த இடத்தில் மின்சாரம் ஓடாது, தொடுதலும் பதிவாகாது. போட்டிக்கு முன் சோதிப்பார்கள், மின்தடை 5 ஓமைத் தாண்டினால் சட்டை திரும்பி வரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உப்பு சீக்கிரமே லாமேயை அரித்துவிடும். ஆடி முடித்ததும் பையில் திணிக்காமல் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சோதனை மேசையில் அதிகாரி பட்டியலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அப்புறம் பூல் சுற்றில் முதல் ஆட்டம் 5-3, வெற்றி எனக்கு. அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கும்போதும் அந்தக் கட்டத்தை நானே பார்க்காமல் பாரத்தைக் கொடுப்பதாக இல்லை.